வினைச்சொல் குழுவும் ஓடாத லிஃப்டும்

எங்கள் அலுவலகத்தின் வேலை, பொதுமக்களின் குறைகளைக் கேட்பது. தீர்ப்பது அல்ல. தீர்ப்பதற்கு வேறொரு அலுவலகம் இருக்கிறதாம். அது எங்கே இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியாது. நாங்கள் கேட்போம். கேட்டு, முத்திரை குத்தி, நாலாவது மாடிக்கு அனுப்புவோம். அங்கே போனது அங்கேயே இருக்கும்.

நாலாவது மாடிக்குப் போகப் படி உண்டு. வாசலுக்கு நேராக ஒரு லிஃப்டும் உண்டு. அது ஓடி வருஷக்கணக்காகிறது. ஓடாவிட்டால் என்ன? லிஃப்ட் இயக்குபவர் என்று ஒரு பதவி இருக்கிறது. பதவி இருந்தால் ஆள் இருக்க வேண்டும். ஆள் இருந்தால் அவருக்குச் சீருடை, தொப்பி, ஸ்டூல் எல்லாம் வேண்டும். ஆகவே லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு, தொப்பியோடு ஒருவர் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்திருப்பார். அவர்தான் என் வீட்டுக்காரர்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பழகிவிட்டது. நான் அதே அலுவலகத்தில் தரைத்தளத்தில் முத்திரை குத்தும் குமாஸ்தா. மனுஷருக்கு அப்போது வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் வாய் மட்டும் பிறந்த நாளிலிருந்தே நிரந்தரம். அந்த வாய் இல்லையென்றால் அவரை எப்போதோ நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

"இன்னிக்குச் சாப்பாட்டுல உப்பு இருக்கே, பக்கத்து வீட்டுல வாங்கினியா?" என்பார்.

"ஓடாத வண்டிக்கு டிரைவரு, இவருக்கு உப்பு ஒண்ணுதான் குறைச்சல்" என்பேன் நான்.

எங்கள் குடித்தனம் இப்படித்தான் நடந்தது. அவர் பேசுவதற்கு முன்னால் வாயின் இடது ஓரம் லேசாகத் துடிக்கும். துடித்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லத் தயாராகிவிடுவேன். சண்டைக்காரர்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

இந்த நிலையில்தான் எங்களுக்குப் புதிய இயக்குநர் வந்து சேர்ந்தார். வெளிநாட்டுப் பயிற்சி முடித்து, அங்கே குளிருக்குப் போட்ட கோட்டை இங்கே வெயிலுக்கும் போட்டுக்கொண்டு வந்தார். வந்ததும் எல்லோரையும் கூட்டி நிறுத்தினார்.

"நம்ம ஆபீஸ்ல வேலை ஏன் நடக்கலை தெரியுமா?" என்றார்.

எங்களுக்குத் தெரியும். ஆனால் கேட்பவர் பதிலுக்காகக் கேட்கவில்லை என்பதும் தெரியும்.

"ஒருத்தரை ஒருத்தர் பழிச்சுப் பேசறதால. சரி, பேசறீங்க. என்ன பேசறீங்கன்னாவது தெளிவு இருக்கா? கிண்டல், கேலி, நக்கல்னு எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கலக்கறீங்க. நான் போன நாட்டுல ஒவ்வொண்ணுக்கும் தனி வினைச்சொல். அதனாலதான் அவங்க முன்னேறிட்டாங்க."

என்னைப் பெற்றவள் கிண்டலுக்கும் நக்கலுக்கும், குத்தலுக்கும் சாடைக்கும், ஏச்சுக்கும் பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே மூச்சில் மாமியார் வீட்டாருக்குக் காட்டியவள். அந்த நாட்டுக்காரர்கள் அவளிடம் வந்து படித்திருக்க வேண்டும். ஆனால் அவள் கோட்டு போட்டதில்லை.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. "இவ்வலுவலக ஊழியர்கள் பிறரைப் பழிக்கும்போதோ குறை கூறும்போதோ மேற்படி செயல் எந்த ஆங்கில வினைச்சொல்லின்கீழ் அடங்கும் என்பதை ஐயமற நிறுவும் பொருட்டு வினைச்சொல் குழு ஒன்று இதனால் அமைக்கப்படுகிறது" என்று அதில் இருந்தது. மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறையும் அதேதான் இருந்தது.

குழுவுக்கு மொழி ஆலோசகராக எதிர்ச்சாரியில் ஆங்கில டியூஷன் நடத்திவந்த மாஸ்டரைப் பிடித்துவந்தார்கள். முப்பது நாளில் ஆங்கிலம் என்று போர்டு மாட்டி, முப்பது வருஷமாக அதே தெருவில் இருந்தவர். அவருக்குச் சுழல் நாற்காலி கொடுத்தார்கள். பாவம், முதல் நாள் முழுக்கச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் எங்களுக்கு வகுப்பு எடுத்தார்.

"டீஸ்னா, அன்போட செய்யற கேலி. அன்பு கட்டாயம். இதுக்கு எச்சரிக்கை மட்டும்தான். மாக்னா, அடுத்தவங்க மாதிரியே நடந்து, பேசிக் காட்டிப் பழிக்கறது. சம்பள உயர்வு நிக்கும். ஸ்னீர்னா, பேசவே வேண்டாம், உதட்டைச் சுழிச்சாப் போதும். அதுக்குத் தண்டனை உதடு எவ்வளவு சுழிஞ்சுதுங்கறதைப் பொறுத்தது. ஜீர்னா, கும்பலாக் கூச்சல் போடறது. ஒருத்தரா ஜீர் பண்ண முடியாது. பண்ணினா செல்லாது. ரிடிக்யூல்னா, நாலு பேர் சிரிக்கிற மாதிரி ஒருத்தரை ஆக்கறது. வேலை போயிடும்."

"அவ்வளவுதானா, மாஸ்டர்?" என்றாள் டைப்பிஸ்ட்.

மாஸ்டர் நாற்காலியைச் சுற்றுவதை நிறுத்தினார். "ஒண்ணு இருக்கு. கிரிட்டிசைஸ். உண்மையிலயே இருக்கிற குறையை எடுத்துச் சொல்றது."

"அதுக்கு என்ன தண்டனை?"

"அது இன்னும் முடிவாகலை. மத்ததெல்லாம் விளையாட்டுன்னு விட்டுடலாம். இது உண்மை. அதனால இதை மட்டும் மன்னிக்க முடியாதுன்னு இயக்குநர் சொல்லியிருக்கார்."

அன்றிலிருந்து அலுவலகம் திருந்திவிட்டது. ஒருவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால், "சார், உங்களை டீஸ் பண்ணலாம்னு இருக்கேன், ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் சிரித்தார்கள். அவர் யோசித்து, நாளைக்குச் சொல்கிறேன் என்பார். மறுநாள் அவர் சம்மதம் சொல்லும்போது இவருக்கு என்ன சிரிப்பு என்று மறந்துபோயிருக்கும். காவலாளிக்குப் பிறவியிலேயே கோணல் உதடு. அந்த மனுஷன் பணிநேரம் முழுவதும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

அன்று மாலையே வீட்டுக்காரரை உட்காரவைத்துச் சொன்னேன். "இங்க பாருங்க, இந்த வருஷம்தான் உங்க பேரு நிரந்தரப் பட்டியல்ல வரப்போகுது. வாயைக் கொஞ்சம் பொத்திக்கிட்டு இருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் என்ன பேசப்போறேன்? லிஃப்டே பேசாம நிக்குது, நான் பேசுவேனா?" என்றார். வாயோரம் துடித்தது. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் தாங்கினார். அதன்பின் ஒரு காலையில் இயக்குநர் கோட்டோடு நாலு மாடி ஏறி, எதையோ மறந்து இறங்கி, மறுபடி ஏறவேண்டிய நிலையில் லிஃப்டின் முன்னால் மூச்சு வாங்க நின்றார். பொதுமக்கள் வரிசையும் பக்கத்திலேயே நின்றது.

"ஏம்ப்பா, இந்த லிஃப்டுல என்னதான் பாக்கி?" என்றார்.

என் வீட்டுக்காரர் ஸ்டூலை விட்டு எழுந்து, தொப்பியைக் கழற்றி, மரியாதையாகச் சொன்னார். "ஐயா, பெயிண்ட் அடிச்சாச்சு. கண்ணாடி மாட்டியாச்சு. ரெண்டு தடவை திறப்பு விழாவும் ஆச்சு. ஓடறது ஒண்ணுதான் பாக்கி. நம்ம ஆபீஸ் மாதிரியே."

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். காவலாளி கைக்குட்டைக்குள் சிரித்தான். நான் முத்திரைக்கட்டையைத் தவறவிட்டேன்.

மேற்படி வாக்கியம் எந்த வினைச்சொல்லின்கீழ் வரும் என்று தீர்மானிக்குமாறு குழுவுக்கு உத்தரவு வந்தது. குழுவில் மாஸ்டர், துணை இயக்குநர், மூன்றாவதாக நான். பதறிக்கொண்டு துணை இயக்குநரிடம் ஓடினேன். எதற்கும் ஆமாம் போடும் நல்ல மனிதர் அவர்.

"ஐயா, அவர் என் புருஷன். நான் எப்படி விசாரிக்கறது?"

"அதனாலதாம்மா உங்களைப் போட்டிருக்கு. அவரைப் பழிச்சுப் பேசறதுல உங்களைவிட அனுபவம் உள்ளவங்க இந்த ஆபீஸ்ல யாரு இருக்காங்க?"

இது டீஸா, ரிடிக்யூலா என்று கேட்க வாயெடுத்தேன். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

முதலில் சம்பவத்தை மறுபடி நடத்திப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். இயக்குநர் மூச்சு வாங்கவேண்டும் என்பதற்காகப் படியேறி இறங்கிவிட்டு வந்தார். அன்று சிரித்தவர்களைத் தேடிப்பிடித்து அதே அளவு சிரிக்கச் சொன்னார்கள். பயத்தில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு பெரியவர் அழுதே விட்டார். மாஸ்டர் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "சொன்னது உண்மையா இருக்கறதால கிரிட்டிசைஸ்னு சொல்லத் தோணுது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எது உண்மை? லிஃப்ட் ஓடலைங்கறதா? அதை உண்மைன்னு குழுவே ஒத்துக்கிட்டா, குழுவும் கிரிட்டிசைஸ் பண்ணினதா ஆகாதா?" என்றேன்.

துணை இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "ஆமாம், ஆமாம்! லிஃப்ட் ஓடலைன்னு யாரும் இங்க சொல்லலை!"

"அப்ப இது டீஸ்தான்" என்றேன் விடாமல்.

"டீஸ்னா அன்பு வேணுமே" என்றார் மாஸ்டர். "இவருக்கு இயக்குநர் மேல அன்பு உண்டுன்னு நிரூபணம் வேணும்."

அன்று மாலை வீட்டில் ஒரு பெரிய போராட்டம் நடந்தது.

"எனக்கு அந்தாள் மேல அன்பு இல்லையே!"

"என் மேல மட்டும் இருக்கா? அதுக்காகக் குடும்பம் நடத்தாம இருக்கீங்களா?"

"உன் மேல இருக்கு. அதைச் சொல்லித்தான் தெரியணுமா?"

இந்த மனுஷர் இப்படி ஒரு வார்த்தை சொல்லி எத்தனையோ வருஷம் ஆகிறது. அதை ரசிக்கக்கூட நேரமில்லை. வீட்டு வாடகை, அவர் மாத்திரை, எங்கள் பெண்ணின் படிப்பு எல்லாம் அந்த ஸ்டூலின் மேல்தான் உட்கார்ந்திருந்தன. "நாளைக்கு ஒரே ஒரு வரி. ஐயா மேல எனக்கு ரொம்ப அன்பு. அவ்வளவுதான். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடுங்க" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

மறுநாள் எல்லா ஊழியர்களையும் சாட்சிக்கு உட்காரவைத்தார்கள். என் வீட்டுக்காரர் நடுவில் நின்றார். தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "ஐயா மேல எனக்கு ரொம்ப அன்பு" என்றார்.

எனக்காகச் சொன்னார். சத்தியமாக, ஒரு துளி நக்கல் இல்லாமல் சொன்னார். ஆனால் டைப்பிஸ்டுக்கு முதலில் ஒரு கனைப்பு வந்தது. பிறகு காவலாளி. பிறகு அந்தக் கூடமே குலுங்கிச் சிரித்தது. சிரிப்பை அடக்கப்போய்த் துணை இயக்குநருக்கு விக்கல் எடுத்துவிட்டது.

"நாலு பேர் சிரிச்சிட்டாங்க" என்றார் மாஸ்டர் வருத்தத்தோடு. "ரிடிக்யூல்."

பணிநீக்க ஆணை தயாராயிற்று. அதில் கையெழுத்துப் போடவேண்டியவர் மேலதிகாரி. அவர் எப்படியும் எங்கள் அலுவலகத்துக்கு வருவதாக இருந்தது. ஏன் வருகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வினைச்சொல் முறை இத்தனை நன்றாக நடந்ததும் இயக்குநர் அதைப் பொதுமக்களுக்கும் நீட்டித்திருந்தார். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஓர் அம்மாள் வந்தால், "இது உண்மையா, இல்லை டீஸா?" என்று நான் கேட்கவேண்டும். "உண்மைதாம்மா, போய்ப் பாரு" என்றால் முடிந்தது, கிரிட்டிசைஸ். அவர்மேல் நடவடிக்கைக்கு எழுதவேண்டும். அந்த அம்மாள் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "அப்ப தண்ணி நல்லா வருதுன்னு எழுதிக்கோ" என்று போய்விட்டாள். ஒரே மாதத்தில் வரிசை கரைந்தது. குறைகள் பூஜ்யம். நாட்டிலேயே குறையில்லாத மக்கள் எங்கள் வட்டாரத்தில்தான் வாழ்கிறார்கள் என்று முடிவாகி, அதற்குக் கேடயம் கொடுக்கத்தான் மேலதிகாரி வருகிறார்.

விழா நாலாவது மாடியில். மேலதிகாரிக்கு முழங்கால் வலி. படியேற முடியாது.

"லிஃப்டுல போகலாம்" என்றார் இயக்குநர்.

துணை இயக்குநர் தொண்டையைச் செருமி, தரையைப் பார்த்தார்.

"லிஃப்டைப் பத்தி ஏதாவது புகார் இருக்கா?" என்று இயக்குநர் அவரைக் கேட்டார்.

"பூஜ்யம், ஐயா."

"அப்ப ஓடுதுன்னுதானே அர்த்தம்?"

"ஆமாம், ஐயா."

லிஃப்டுக்குத் தோரணம் கட்டினார்கள். நடைபாதையிலிருந்து ஒயர் இழுத்து உள்ளே ஒரு பல்பும் சின்ன மின்விசிறியும் மாட்டினார்கள். ஆணை கையெழுத்தாகும்வரை என் வீட்டுக்காரர்தான் இயக்குபவர். ஆகவே அவர் புதிதாக வெளுத்த சீருடையில் உள்ளே நின்றார். மேலதிகாரி நுழைந்தார். இயக்குநர் நுழைந்தார். கேடயத்தைத் தாங்கும் பொறுப்பு என்னுடையது, நானும் நுழைந்தேன். வெளியே ஊழியர்கள் கைதட்ட, கதவு சாத்தப்பட்டது.

"போகட்டும்" என்றார் இயக்குநர்.

என் வீட்டுக்காரர் நாலாம் எண் பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது. மற்றபடி எதுவும் நகரவில்லை. நாங்கள் நால்வரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். மேலதிகாரி இயக்குநரை ஒருமுறை பார்த்தார். அந்த வெளிநாட்டுப் பயிற்சிக்கு இவரை அனுப்பியதே அவர்தான். லிஃப்ட் ஓடவில்லை என்று அவர் எப்படிச் சொல்வார்? மறுபடி கதவைப் பார்த்தார்.

அப்போது என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். வாயோரம் துடித்தது. வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது என்று எனக்கு உயிரே போய்விட்டது. இயக்குநரின் கையிலிருந்த ஃபைலில் அந்த ஆணை தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நான் கண்ணாலேயே கும்பிட்டேன். வேண்டாங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், வேண்டாங்க.

அவர் எச்சில் விழுங்கினார். துடிப்பு நின்றது. கதவைத் திறந்தார்.

"நாலாவது மாடி" என்றார்.

வெளியே அதே கூடம். அதே ஊழியர்கள், அதே கைதட்டல். மேலதிகாரி வாசற்படியில் ஒரு கணம் நின்று சுற்றிலும் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, "உங்க ஆளுங்க ரொம்பச் சுறுசுறுப்பு! கீழ வழியனுப்பிட்டு, நமக்கு முன்னாடியே மேல ஓடிவந்துட்டாங்களே!" என்றார்.

விழா அங்கேயே நடந்தது. மாஸ்டர் ஆங்கிலத்தில் வாழ்த்துரை வழங்கினார். இத்தனை சுகமாக ஏறும் லிஃப்டைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று மேலதிகாரி பேசி, பணிநீக்க ஆணையை அடித்து, அதே தாளில் பணிநிரந்தரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான். எச்சரிக்கைக்குக்கூட இடமில்லை.

மறுவாரம் ஆணை வந்தது. மேற்படி தரைத்தளத்தை மேலதிகாரியே நாலாவது மாடி என்று ஏற்று உரையாற்றியிருப்பதால் இனி அதுவே நாலாவது மாடி. படியில் ஏறுவது லிஃப்டைக் குறைசொல்வதாகும் என்பதால் படிக்குப் பூட்டு. பழைய நாலாவது மாடியில் எங்கள் ஃபைல்கள் எல்லாம் இருக்கின்றன. யாரும் போவதில்லை. போகாததால் ஒரு வேலையும் நின்றுவிடவில்லை. இதை நான் கிரிட்டிசைஸாகச் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொல்கிறேன்.

இப்போது காலையில் வாசலிலிருந்து தெருமுனைவரை வரிசை நிற்கிறது. ஊழியர்கள், குறை ஏதும் இல்லை என்று எழுதிவைக்க வரும் பொதுமக்கள், குடத்தோடு அந்த அம்மாள், எல்லோரும். முறைப்படி லிஃப்டுக்குள் போய், கதவைச் சாத்தி, நின்று, இறங்கித்தான் என் மேஜைக்கு வரவேண்டும். ஒருவரும் முணுமுணுப்பதில்லை. விசிறிக் காற்று நன்றாக வருகிறது என்று சிலர் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. வாடகை கட்டியாயிற்று. பெண் படிக்கிறாள். போன வாரம் நான் அடுப்பைக் கவனிக்காமல் சாதத்தை அடிபிடிக்க விட்டுவிட்டேன். வீடு முழுக்கக் கருகல் வாசனை. தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, பதிலையும் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ரொம்ப அருமையா இருக்கு" என்றார். தலை நிமிராமல் சாப்பிட்டார்.

சமையலறைக்குள் போய் அழுதேன்.

தினமும் காலையில் நானும் வரிசையில் நின்று என் முறை வந்ததும் உள்ளே போகிறேன். அவர் கதவைச் சாத்துகிறார். "எந்த மாடிங்க?" என்கிறார். "நாலு" என்கிறேன். அந்தக் கொஞ்ச நேரம் அவர் வாயின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"நாலாவது மாடி" என்று கதவைத் திறக்கிறார். நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறேன்.